கண்ணாடிக்குக் கோடு போட்ட சட்டை

“மனுஷங்க முட்டிக்கக் கூடாதுன்னு குறி போடுறீங்க. குருவிங்களுக்கு யாருப்பா குறி போடுவாங்க?”

மகளுக்கு அப்போது ஏழு வயது. கண்ணாடி மேஸ்திரி வாய்விட்டுச் சிரித்தார். புதிதாகப் பொருத்திய கண்ணாடியில் சுண்ணாம்பால் பெரிய பெருக்கல் குறி போடுவது தொழில் வழக்கம். இல்லாவிட்டால் வேலையாட்களே மூக்கை உடைத்துக்கொள்வார்கள். ஒப்படைக்கும் நாளில் துடைத்துவிடுவார். “கண்ணாடி இருக்கறதே தெரியக் கூடாது, அதுதான் வேலை” என்பார்.

அப்படி அவர் துடைத்துக் கொடுத்தவற்றிலேயே தலைசிறந்தது பொது நூலகத்தின் வாசிப்புக் கூடம். தோட்டத்தைப் பார்த்தபடி, இரண்டு ஆள் உயரத்தில் ஆறு கண்ணாடிகள். புது வாடிக்கையாளர் யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போய்த்தான் காட்டுவார்.

மகள் படித்து வேலைக்கும் போய்விட்டாள். ஒரு நாள், கண்ணாடி ஓரத்து ரப்பர் விட்டுப்போனதைச் சரிசெய்ய நூலகத்துக்குப் போனார். நூலகர் அம்மாளின் மேசைமேல் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே கண் செருகிய நிலையில் ஒரு சிட்டு.

“என்ன மேடம் இது?”

“உங்க கண்ணாடில மோதிடுச்சு மேஸ்திரி. இருட்டுல வெச்சா சிலது பொழைச்சுக்கும். மாசத்துக்கு நாலஞ்சு இப்படி.”

அவருக்குச் சுருக்கென்றது. “கண்ணாடில ஒரு குறையும் இல்லையே மேடம்.”

“குறையே இல்லாததுதான் குறை. மரமெல்லாம் அப்படியே அதுல தெரியுது. வழின்னு நெனச்சு வருதுங்க.” அந்த அம்மாள் பின்சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். அரசியலமைப்பு சொல்லும் குடிமக்கள் கடமைகள். “தினமும் இதை நான்தான் தொடைக்கிறேன். உயிர்கள்கிட்ட பரிவா இருக்கணும்னு போட்டிருக்கு. எனக்கே உறுத்துது.”

“அதெல்லாம் அரசாங்கம் பாத்துக்க வேண்டியதுதானே?”

“மேல இருந்து படிங்க. ‘ஒவ்வொரு குடிமகனும்’னு ஆரம்பிக்குது. நீங்க குடிமகனா, கண்ணாடியா?”

மேஸ்திரி சிரித்துவிட்டார்.

“வெளிப்பக்கம் வெள்ளைக் கோடு ஒட்டினா மோதாதாம். மேலிடத்துல அனுமதி வாங்கிட்டேன். ஆனா இது உங்க கைவேலை. உங்களைக் கேக்காம அதுமேல கை வைக்க மனசு வரல.”

பெட்டிக்குள் சரசரப்புக் கேட்டது. தோட்டத்துக்கு எடுத்துப்போய்த் திறந்ததும் சிட்டு விருட்டென்று மரத்துக்குள் போய்விட்டது. நூலகர் அம்மாள் குழந்தைபோலக் கைதட்டினார். மேஸ்திரியோ, பெட்டிவரை வந்து சேராதவற்றை நினைத்துக்கொண்டு நின்றார்.

“கோடு ஒட்ட வேற ஆளெல்லாம் வேண்டாம் மேடம், நானே ஒட்டிடறேன். தோட்டத்துச் சாவியை மட்டும் கொடுங்க.”

வீட்டில், குளியலறைக் கண்ணாடிகளுக்கு வாங்கி மிஞ்சிய வெள்ளை ஒட்டு ஃபிலிமைத் தரையில் விரித்து, ஒரு விரல் அகலத்துக்கு நீள நீளமாக வெட்டினார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

“என்னங்க, கண்ணாடிக்குக் கோடு போட்ட சட்டை தைக்கிறீங்களா?”

“ஆமா. ஆறு பேருக்கு.”

விஷயத்தைக் கேட்டதும் அவளும் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தாள். “இனிமே கஸ்டமருக்கு எதைக் காட்டுவீங்க?”

அந்தக் கேள்விதான் இரண்டு நாளாக அவரையும் குடைந்துகொண்டிருந்தது. “இதையேதான். புடிச்சவங்க வரட்டும்.” சொன்ன பிறகு நெஞ்சு லேசானது.

விடுமுறை நாளில் நூலகம் வெறிச்சோடிக் கிடந்தது. ஏணியைச் சாய்த்து, நான்கு விரல் நான்கு விரலாக இடைவெளி அளந்து, மேலிருந்து கீழாகக் கோடுகளை ஒட்டினார். மூன்றாவது கண்ணாடியில், எப்போதோ மோதிய ஒன்றின் சிற்றிறகு அப்பியிருந்தது. ஈரத்துணியை எடுக்கப் போனவர், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு அதை விரலாலேயே எடுத்தார். மரத்தடியில் மண்ணைக் கிளறி வைத்து மூடினார். “கடவுளே, பொறுத்துக்கோ” என்றார். பிறகு மறுபடி ஏணியில் ஏறினார்.

ஆறாவதையும் முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. எந்த வேலை முடிந்தாலும் கண்ணாடியின் மூலையில் கடைப்பெயர்ச் சீட்டு ஒன்றை ஒட்டிவிட்டு வருவார். அன்று சீட்டுக் கட்டைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை. உதிர்ந்த துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு நடந்தார்.