பேய் எழுத்து

சவப்பெட்டியின் தலைமாட்டில் அணைந்துபோன மெழுகுவர்த்தியை இம்மானுவேல் மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தபோது ரம்யா மேடம் மாலையோடு உள்ளே வந்தாள். அவனும் அண்ணனும் வேலை பார்த்த தேர்வாய் கண்டிகை ரப்பர் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த மெயின்டனன்ஸ் இன்ஜினியர்.

அண்ணன் சின்னராசுவின் முகத்தை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். கம்பெனி டேங்க் கதவைத் திறந்தபோது ஆவியில் வெந்த முகம். கைகள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. எவ்வளவு தேய்த்தும் வலது கட்டைவிரல் நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை.

மாலையை வைத்துவிட்டு அவள் இம்மானுவேலை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அன்னிக்கி அவரு டேங்க் கதவத் தொறக்கறதுக்கு முன்ன ஸ்க்ரீன்ல இன்னா வந்துச்சி?"

"எப்பவும் வர்றதுதான் மேடம். பேய் எழுத்து."

அந்தப் பெயரை யார் வைத்தார்களோ. பிரான்ஸிலிருந்து பழசாக வாங்கிய இரண்டு மெஷின்கள், ரப்பர் குழாயை மூடிய டேங்கில் வைத்து ஆவியில் வேக வைப்பவை. மற்றதையெல்லாம் இங்கிலீஷில் ஒழுங்காகக் காட்டும். ஒரே ஒரு செய்தி மட்டும் எழுத்துகளுக்கு நடுநடுவே Ã© Ã© என்று கோணல்மாணலாக வரும். ஸ்க்ரீனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று எல்லோரும் கட்டைவிரலால் ஓகேவை அமுக்கிவிட்டுக் கதவைத் திறப்பார்கள். புதிதாக வருகிறவனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான்.

"அது கிறுக்கு இல்லண்ணா, பிரெஞ்சு. அத மட்டும் இங்கிலீஷுக்கு மாத்தாம உட்டுட்டாங்க. 'e' மேல கோடு போட்ட எழுத்து ஒண்ணு அதுல வரும். அந்த ஒரு எழுத்துக்கு கம்ப்யூட்டர் ரெண்டு நம்பர் வச்சிருக்கும். ரெண்டயும் சேத்துப் படிக்கணும். நம்ம பழைய ஸ்க்ரீன் தனித்தனியா படிச்சி, ரெண்டு எழுத்தா காட்டுது. நோட்டுல எழுதி வச்சிருந்தத பஸ்ல வர்ற வழியில சேத்துப் பாத்தேன்."

"இன்னா எழுதிருக்கு?"

"உள்ள ஆவி மிச்சம் இருக்கு, தொறக்காதீங்கன்னு. கொஞ்சமா இருந்தா புஸ்ஸுனு போயிடும். அன்னிக்கி நெறைய இருந்திருக்கு."

எழுத்து ஒழுங்காக வந்திருந்தால் யாராவது ஒருத்தன் இது என்னவென்று கேட்டிருப்பான். செல்போனில் போட்டாவது பார்த்திருப்பான்.

"நல்லவேள, இன்னிக்கி துக்கத்துக்கு லீவு உட்டாங்க. ரெண்டாவது மெஷினும் நின்னுருக்கும்."

"லீவு காலை ஷிப்டுக்குத்தான் மேடம். மத்தியான ஷிப்டு ஓடுது. ரெண்டாவது என்னோட மெஷின். அண்ணன அடக்கம் பண்ணிட்டு வாணா, நான் பாத்துக்கறேன்னு கூட வேல செய்ற குணா எனக்குப் பதிலா நிக்கிறான்."

குணாவின் நம்பரை அழுத்தினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தொழிலாளிகளின் செல்லையெல்லாம் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. ரம்யா சூப்பர்வைசர் பாக்கியராஜைக் கூப்பிட்டாள். அவர் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள்.

"இம்மானுவேலு, பாஸ்டர் வந்துட்டாரு. மூடப் போறாங்க, வாப்பா." உள்ளிருந்து அண்ணி சாராள் கூப்பிட்டாள்.

அவன் நகரவில்லை. ஒரு பெட்டி போதாதா, ஆண்டவரே என்று வாய் முணுமுணுத்தது.

பாக்கியராஜ் எடுத்தார். ரம்யா கத்தினாள். "சார், ரெண்டாவது டேங்க் கதவத் தொறக்க உடாதீங்க! ஓடுங்க சார்!"

போனில் ஒரே மெஷின் சத்தம். யாரோ ஓடும் சத்தம், ஏதோ அதட்டல். பிறகு எதுவும் விளங்கவில்லை. இம்மானுவேல் போனைப் பிடுங்கிக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"அண்ணா?" குணாவின் குரல். "இன்னாணா ஆச்சி? சார் வந்து கைய புடிச்சி இழுக்கறாரு."

"கதவத் தொறந்தியாடா?"

"இல்லணா. இப்பதான் பேய் எழுத்து வந்துச்சி. அமுக்கப் போனேன். அதுக்குள்ள சார் வந்துட்டாரு. அண்ணன எடுத்துட்டீங்களா?"

இம்மானுவேல் போனை ரம்யாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனான். மூடியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவன் பெட்டியோரம் மண்டியிட்டு அண்ணனின் கட்டைவிரலைத் தன் கைக்குள் பொத்திக்கொண்டான்.

"உடுப்பா, நேரமாவுது" என்றார் பாஸ்டர்.

அவன் விடவில்லை.