எண் மாறிய மீன்

ஆற்றங்கரை ஆய்வு நிலையத்தில் அவளை எல்லோரும் மீன் டாக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். விரல் நீள மீன்குஞ்சை மயக்கி, வயிற்றைக் கீறி, அரிசிமணி போன்ற ஒலிக்கருவியை உள்ளே வைத்துத் தைப்பது அவள் வேலை. காயம் ஆறியதும் ஆற்றில் விட்டுவிடுவார்கள். போகும் இடமெல்லாம் கருவி தன் எண்ணை ஒலித்துக்கொண்டே இருக்கும். தண்ணீருக்கடியில் ஆங்காங்கே கட்டியிருக்கும் பெட்டிகள் அதைக் கேட்டு நிலையத்துத் திரைக்கு அனுப்பும். பெரிய மீன் ஏதாவது குஞ்சை விழுங்கினால், வயிற்று அமிலத்தில் கருவியின் மேல்பூச்சு கரைந்து எண் மாறிவிடும். மாறினால் குஞ்சின் கதை முடிந்தது.

அந்தப் பருவத்தில் விட்டவற்றில் பாதி கடலுக்குப் போயின. மீதியில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் எண் மாறியது. ஒன்று மட்டும் பாலத்தூணை விட்டு நகரவில்லை. கூட வேலை பார்த்தவர்களும் மூட்டை கட்டிக் கிளம்பிவிட, அவளும் நிலையத்துப் படகுக்காரரும்தான் மிச்சம். பொழுது சாய்ந்தால் அவரும் வீட்டுக்குப் போய்விடுவார். காலையில் முகம் கழுவும் முன்பே அவள் திரையைப் பார்ப்பாள். எண் அங்கேயே இருக்கும். அன்றைய பொழுதை ஓட்ட அது போதும்.

"உங்க ஆளு இன்னும் கிளம்பலையாம்மா?" என்பார் படகுக்காரர்.

"என்ன அவசரம், மெதுவா போகட்டும்" என்பாள்.

ஒரு நாள் காலை தூணருகே எண் இல்லை. அடுத்த பெட்டியில் தேடினாள், இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. அதே எண், முகத்துவாரத்தை நோக்கி விரைந்துகொண்டிருந்தது. படகுக்காரர் பெண்ணை வழியனுப்பியவர்போலத் துண்டால் கண்ணைத் துடைத்து நடித்தார். மாதக்கணக்கில் பேசாமலிருந்த அண்ணனை அழைத்தும் சொன்னாள். அவருக்குப் பாதி புரியவில்லை; தங்கையின் குரலில் தெம்பு வந்திருந்தது மட்டும் புரிந்தது.

மதியம் எண் மாறியது.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மேல்பூச்சு கரைய நேரம் பிடிக்கும் என்று புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். காலையில் பார்த்துப் பூரித்த பயணம் குஞ்சினுடையதல்ல. அதை விழுங்கிய மீன் தன் பாட்டுக்குப் போயிருக்கிறது. விஷயம் தெரிந்ததும் படகுக்காரர் கேலி எதுவும் பேசாமல், தேநீர் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் அண்ணன் அழைத்தார். "என்ன, உன் மீன் கடலுக்குப் போய்ச் சேந்துச்சா?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். "இல்லண்ணா. காலையில உன்கிட்ட சொன்னப்பவே அது உயிரோட இல்ல. எனக்குத்தான் தெரியல."

ஒரு மீனுக்கா இப்படி என்று கேட்பார் என நினைத்தாள். அவர் கேட்டது வேறு.

"அங்க உன்கூட யாரு இருக்கா?"

"யாருமில்லண்ணா." வாய்விட்டுச் சொன்னதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "போனை வச்சிடாத. ஏதாவது பேசிட்டு இரு."

அவர் கூரை ஒழுகுவதில் தொடங்கி, மகன் முடிவெட்டிக்கொண்டு வந்த கோலம், அதற்கு அண்ணி தன்னைத் திட்டியது என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே போனார். அத்தனையும் பொய் என்று பின்னாலிருந்து அண்ணி சத்தம் போட்டது கேட்டது.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அண்ணிகிட்ட குடு" என்றாள்.