கேட்டருகே படுத்திருந்த நிழல்

டீசலைப் புதைத்தபோது அதன் நிழல் குழிக்குள் இறங்கவில்லை. குமரன் மண்ணைத் தள்ளி, மேலே தென்னங்கன்று வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். நிழல் எழுந்து நடந்து, கோழிப்பண்ணை கேட்டருகே டீசலின் பழைய இடத்தில் சாலையைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

டீசல் குமரனின் மனைவி அபிநயாவோடு வந்த நாய். லாரி ஓட்டிய அவள் அப்பா வைத்த பெயர். கல்யாண வேனுக்குப் பின்னால் மல்லூரிலிருந்து ஓடிவந்து, ஆண்டகளூர் கேட் பஸ் ஸ்டாப்பில் நாக்குத் தள்ளி நின்றதை அவள்தான் இறங்கிப்போய்த் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பட்டுப்புடவை பாழானது. ஏழாம் வருடம் காய்ச்சலோடு ஆம்புலன்ஸில் போனவள் திரும்பவில்லை. சடங்குகள் முடிந்த மறுநாளே குமரன் கோழிகளுக்குத் தீவனம் வைத்தான். டீசல் மட்டும் இரண்டு வருடம் கேட்டை விட்டு நகராமல் காத்திருந்து அங்கேயே செத்தது. இப்போது நிழல் காத்திருந்தது. வெயிலுக்கேற்ப நீண்டது, குறுகியது. தீவன லாரிகள் ஒதுங்கிப் போயின. பக்கத்துத் தோட்டத்து வசந்தாமணிக்கு மட்டும் குறை. "ஏங்கண்ணு, உங்கூட்டு நாய் நெழலக் கட்டித்தான் போடேன். பால்காரரு உள்ளார வரமாட்டேங்கறாரு." "கட்டுனா நிக்காதுங்கக்கா" என்றான். அந்த மாதம் அவன் பேசியதிலேயே நீளமான பேச்சு அது.

சித்திரையில் மாமியார் மயிலம்மாள் ஓர் அட்டைப்பெட்டியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். உள்ளே இரண்டு நாய்க்குட்டிகள்.

"எடுத்துட்டுப் போயிருங்கத்தை. புதுசு வந்தா அது போயிரும்."

"எது சாமி?"

கேட்டைக் காட்டினான். அதுவும் போய்விட்டால் அபிநயாவுக்காகக் காத்திருக்க யாரும் இல்லை என்பதை அவன் சொல்லவில்லை. பெற்றவள் நிழலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அதுக்குப் புடிக்கலீன்னா நாளைக்கு நானே வந்து தூக்கிக்கறேன்" என்று பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு, அதே பஸ் திரும்பி வந்தபோது ஏறிவிட்டாள்.

கேட்டருகே மரமில்லை. உச்சிவேளையில் குட்டிகள் பெட்டியைக் கவிழ்த்து வெளியே வந்து, மண் சுட்டுக் கத்தின. குமரன் ஷெட் வாசலிலேயே நின்றான். எந்த நிழலும் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிடும் நேரம். டீசலின் நிழல் எழுந்து உடம்பை நீட்டி, சூரியன் எங்கே இருக்கிறது என்று பாராமல், குட்டிகளின்மேல் போய் விழுந்தது. குட்டிகள் வாய் மூடி அதன் வயிற்றுப் பக்கம் சுருண்டன. அபிநயா போனதிலிருந்து முதன்முறையாக அதன் முதுகு சாலைப் பக்கம் இருந்தது.

குமரன் கீறல் விழுந்த முட்டைகளில் இரண்டை எடுத்துக் கிண்ணத்தில் உடைத்தான். சற்று நின்று, மூன்றாவதையும் உடைத்தான்.

மறுநாள் மயிலம்மாள் போன் செய்தாள். "வரட்டுமா சாமி?"

"வேண்டாங்கத்தை. பேரு மட்டும் சொல்லுங்க."

"கிளச்சு, கியரு. உங்க மாமாதான் வெச்சாரு, வேற யாரு."

குமரன் சிரித்துவிட்டான்.

ஆவணியில் ஊருக்குத் தடுப்பூசி முகாம் வந்தது. கால்நடை மருத்துவர் கிளச்சுக்கும் கியருக்கும் ஊசி போட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். மூன்றாவதற்கு வயதாகிவிட்டது, வேண்டாம் என்றார். குமரன் சரிங்க என்றான். நாலு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள்.