திரும்பிப் பாரு, எய்லிஃப்!

சூரியன் திரும்பி வரப்போகிற அன்று, வடதுருவத்தை ஒட்டிய ஸ்வார்ட்விக் ஊரில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் யோர்டிஸ் ஒருத்திதான்.

மற்றவர்கள் எல்லோரும் எழுந்து பரபரத்துக்கொண்டிருந்தார்கள். விடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. விடிந்ததாகக் கடிகாரம் சொன்னது, ஊர் நம்பியது. நவம்பர் கடைசியில் அக்கா மலைக்குப் பின்னால் போன சூரியன், இந்த ஜனவரி மத்தியானத்தில், அக்கா மலைக்கும் தங்கை மலைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் முகம் காட்டும். காட்டிவிட்டு உடனே போய்விடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. மீன் பண்ணையில் இயந்திரங்கள் நிற்கும். ஊரே பள்ளிக்கூட மேட்டில் ஏறி நிற்கும். ஆளுக்கொரு சூரிய பன் கையில் இருக்கும். எண்ணெயில் பொரித்து, உள்ளே ஜாம் வைத்து, மேலே சர்க்கரை தூவியது. சூரியனைப் பார்க்காமல் அதை யாரும் கடிக்கக் கூடாது. முதலில் பார்ப்பவர் கத்த வேண்டும்.

எத்தனையோ வருடங்களாக முதலில் கத்தியவள் யோர்டிஸ். ஊரின் பனி தள்ளும் வண்டியை ஓட்டுபவள் அவள். மலைப்பாதையில் புயலடிக்கும்போதும் வண்டியை நிறுத்தாதவள், டிசம்பர் தொடக்கத்தில் தன் வீட்டு வாசற்படியிலேயே வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. நகரத்து மருத்துவமனையில் ஆணி வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து ஒரே ஒரு முறை எழுந்து நிற்கப் பார்த்தாள். கால் மடங்கி, அடுப்பு மேல் சாய்ந்து விழுந்தாள். அதோடு சரி. கூடத்தில் போட்ட கட்டிலில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் படுத்தவள் படுத்தவள்தான்.

"எலும்பு சேர்ந்தாச்சு. இப்ப நிக்கலைன்னா கால் நிக்கறதையே மறந்துரும்" என்று பயிற்சி சொல்லித்தர வந்த பெண் சொல்லிவிட்டுப் போனாள். இந்த மாதத்துக்குள் நிற்கவில்லை என்றால் நகரத்துப் பராமரிப்பு இல்லத்தில் கொண்டுபோய் விடுவதாகப் பேச்சு. வண்டிக்கும் வேறு ஆள் வந்துவிடும். எல்லாம் யோர்டிஸுக்குத் தெரியும். ஆனால் பாதம் தரையைத் தொட்டதுமே, அந்த அடுப்பின் சூடு கன்னத்தில் வந்து நிற்கும். பாதத்தை இழுத்துக்கொள்வாள்.

"அடியே, இன்னும் சுவத்தையேவா பாத்துட்டு இருக்க? அதுல என்ன, சினிமா ஓடுதா?"

பனிக் காலணியை உதறிக்கொண்டே உள்ளே வந்தது சிக்னே, அவள் கணவனுடைய தங்கை. பள்ளியில் யோர்டிஸோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். கையில் மூடிய தட்டு. கூடமெல்லாம் பொரித்த மாவு மணத்தது.

"வை அங்க. எனக்கு வேண்டாம்."

"உனக்கு யாரு குடுத்தா? இது எங்கண்ணனுக்கு. இந்த வருஷம் நான்தான் முதல்ல கத்தப் போறேன், தெரிஞ்சுக்கோ."

"கத்திக்கோ. உனக்குத்தான் தொண்டை பெருசு."

"ஆமாமா, இத்தனை வருஷம் உன் பக்கத்துல நின்னு காது செவிடாயிருச்சு. தொண்டையாவது மிச்சம் இருக்கட்டும்."

யோர்டிஸ் சிரிக்கவில்லை. சிக்னே தட்டை மேசையில் வைத்தாள்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே வாளி சத்தம். எய்லிஃப் வந்துவிட்டான்.

யோர்டிஸின் கணவன் எய்லிஃப் மீன் பண்ணையில் வேலை பார்ப்பவன். இருட்டுக் காலம் அவனுக்கு ஆகாது. தூக்கம் கெட்டு, வீட்டில் உள்ள விளக்கையெல்லாம் ஏற்றிவைத்துக்கொண்டு சுற்றுவான். ஜனவரி பிறந்ததிலிருந்து தினம் மத்தியானம் வாசலுக்குப் போய், ஊருக்குப் பின்னாலுள்ள மலையுச்சியில் விழும் பொன்னிற வெளிச்சம் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று பார்ப்பான். உள்ளே வந்து மனைவியின் முதுகிடம் சொல்வான்:

"இன்னிக்கு அந்தக் கரும்பாறை வரைக்கும் வந்திருச்சு, யோர்டிஸ்."

மறுநாள், "கரும்பாறையைத் தாண்டிருச்சு." அதற்கும் மறுநாள், "மரம் நிக்கற வரிசையைத் தொட்டுருச்சு. கிட்ட வந்திருச்சு."



முதல் வெயிலுக்கு முன்னால் தெற்கு ஜன்னலைத் துடைத்து வைப்பது அந்த ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. இந்த வீட்டில் அது யோர்டிஸின் வேலை. தண்ணீர் உறையாமலிருக்க, கார் கண்ணாடிக்கு ஊற்றும் ஸ்பிரிட்டை அதில் தாராளமாகக் கலந்து, துடைத்த கையோடு ஈரத்தை வழித்துவிடுவாள். எய்லிஃப் ஒரு நாளும் துடைத்ததில்லை. மேட்டுக்குப் போக முடியாதவளுக்கு ஜன்னலாவது பளிச்சென்று இருக்கட்டும் என்று, ஆவி பறக்கும் வெந்நீரை வாளி நிறையக் கொண்டுவந்து, கண்ணாடியில் மொத்தமாக வீசினான்.

வெறும் வெந்நீர். வெளியே குளிர் உறைநிலைக்கும் மிகக் கீழே.

படபடவென்று ஒரு சத்தம். சிக்னே அலறினாள்.

"அய்யோ, என்ன பண்ணித் தொலைச்சான் பாரு!"

கண்ணாடியில் ஓடிய தண்ணீர் ஓடிய வேகத்திலேயே உறைந்து, ஜன்னல் முழுவதும் பால் ஊற்றியது போல வெளுத்துப்போனது. வெளியே இருந்த ஓடக்கொட்டகை தெரியவில்லை. கடல் தெரியவில்லை. மலை இடுக்கும் தெரியவில்லை. வாளியைப் பிடித்திருந்த எய்லிஃப்பும் மங்கலான ஒரு நிறமாகிப் போனான்.

சிக்னே கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "அண்ணே! மூளையையும் சேர்த்து ஊத்திட்டியா? ஸ்பிரிட்டு கலக்கலியா?"

"யாரு கலக்கச் சொன்னா? யாரும் சொல்லலியே!"

"ஊருக்கே தெரியும்! பூனைக்குட்டிக்குக் கூடத் தெரியும்!"

"சரி, நீ போ. மேட்டுக்கு நேரமாச்சு. நான் சுரண்டிடறேன்."

"நீயும் வாண்ணே. இது இப்ப ஆகற காரியமில்ல. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நீ போன்னு சொன்னேன்ல?"

கதவு மூடியது. சிக்னேயின் காலடி பனியை நொறுக்கிக்கொண்டு மேட்டுப் பக்கம் போனது. பிறகு கண்ணாடியில் கரகரவென்று சுரண்டும் சத்தம். காரின் கண்ணாடியைச் சுரண்டும் பிளாஸ்டிக் தகடு. அதை வைத்துக்கொண்டு இந்தப் பனியில் உள்ளங்கை அகலம் சுரண்டவே எத்தனை நேரமாகுமோ. யோர்டிஸ் போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டாள்.

'நான் எப்படியும் பாக்கப் போறதில்ல' என்று நினைத்தாள். 'ஜன்னல் மறைஞ்சது நல்லதாப் போச்சு.'

சுவர் சாம்பல் நிறமாக இருந்தது. பிறகு நீலமானது. எல்லா நாளும் மத்தியானத்தில் இப்படித்தான் நீலமாகும். சற்று நேரத்தில் மறுபடி கறுத்துவிடும். இன்று கறுக்கவில்லை. நீலத்துக்குள் எங்கிருந்தோ ஒரு செம்மை கசிந்தது. யோர்டிஸ் கண்ணைச் சிமிட்டினாள்.

தூரத்தில் பள்ளிக்கூட மணி அடித்தது. ஊர் மொத்தமும் ஒரே குரலாகக் கத்தியது.

அடுத்த நொடி, சுவர் தீப்பற்றிக்கொண்டது.

தரையோடு தரையாகப் படுத்து வந்த வெயில், உறைந்த கண்ணாடி வழியாக நுழைந்து, கூடத்தைக் கடந்து, அவள் முகத்துக்கு எதிரே வந்து விழுந்தது. கண்ணாடியில் உறைந்த ஒவ்வொரு நீர்க்கோடும் ஒரு பொன் இலையாக, பொன் இறகாக, பொன் வேராகச் சுவரெங்கும் படர்ந்தது. பழைய மரப்பலகையின் கணுக்கள் தேன் துளிகளாக மினுங்கின. தூசி கூட, காற்றில் மிதந்த வெறும் தூசி கூட, நெருப்புப் பொறிகளாகச் சுழன்றது. இத்தனை வருடம் மேட்டில் நின்று சூரியனை நேருக்கு நேர் பார்த்திருக்கிறாள். அது ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் இப்படி நுழையும் என்று அவள் ஒருபோதும் நினைத்ததில்லை. பொன்னுக்கு நடுவே தன் கையை நீட்டினாள். விரல் நுனிகள் சிவந்து, உள்ளே ரத்தம் ஓடுவது தெரிந்தது.

அப்போதுதான் அந்தப் பொன்னுக்கு நடுவில் ஒரு நிழலைப் பார்த்தாள்.

ஓரங்கள் கலங்கிய நிழல். ரோமத் தொப்பி, அகன்ற தோள், மேலும் கீழும் போய்வரும் ஒரு கை. எய்லிஃப் இன்னும் சுரண்டிக்கொண்டிருந்தான். ஊர் கத்தியது கேட்டிருக்கும். கண்ணாடி பொன்னானதும் தெரிந்திருக்கும். அதனால்தான் கை முன்னைவிட வேகமாகப் போனது. இருட்டு முழுக்க விளக்கேற்றி வைத்துக்கொண்டு, மலையில் இறங்கும் வெளிச்சத்தைப் பாறை பாறையாகப் பின்தொடர்ந்தவன், சூரியன் வந்து நிற்கும்போது அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"எய்லிஃப்!"

கை நிற்கவில்லை.

"எய்லிஃப்! திரும்பிப் பாரு! பின்னாடி பாரு, மடையா!"

மூன்றடுக்குக் கண்ணாடி. காதை மூடிய தொப்பி. கேட்குமா?

சுவரின் கீழ் ஓரத்தில் பொன் ஏற்கெனவே மங்கத் தொடங்கியிருந்தது. இடுக்கு அவ்வளவுதான் அகலம். யோர்டிஸ் போர்வையை உதறினாள். பாதம் தரையைத் தொட்டது. வழக்கம்போல அடுப்பின் சூடு கன்னத்தில் வந்தது. வரட்டும். கட்டிலின் விளிம்பைப் பிடித்தாள். பிறகு நாற்காலி. இடுப்பு ஆணியிலிருந்து குதிகால் வரை ஒரு வலி மின்னிப்போனது. கால் நடுங்கியது. மடங்கவில்லை. பொன் வெளிச்சத்துக்குள் இடுப்பளவு தண்ணீரில் நடப்பவள் போலத் தள்ளாடித் தள்ளாடிப் போய், கண்ணாடியில் இரண்டு கையாலும் ஓங்கி அடித்தாள்.

சுரண்டல் நின்றது.

எய்லிஃப் சுரண்டி முடித்திருந்த இடம் ஒரு முகத்தளவு. அதில் அவன் கண் தெரிந்தது. புருவத்தில் பனி. அந்தக் கண் அவளைப் பார்த்தது. அவள் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தது. வாய் திறந்தது, மூடவில்லை. தகடு கையிலிருந்து நழுவிப் பனியில் விழுந்தது.

"என்னை என்னத்துக்குப் பாக்கற!" யோர்டிஸ் அழுதுகொண்டே கத்தினாள், விரலால் அவன் முதுகுக்குப் பின்னால் குத்திக் குத்திக் காட்டினாள். "அங்க பாரு! போகப்போகுது! திரும்பிப் பாரு!"

அவன் மெதுவாக, மனமில்லாமல், திரும்பினான்.

அவன் விலகியதும் அந்த முகத்தளவு ஓட்டையில் அவளும் பார்த்தாள். அக்கா மலைக்கும் தங்கை மலைக்கும் நடுவே, பனிப்பாறைகளின் விளிம்பெல்லாம் கொதிக்க, கண்ணால் தாங்க முடியாத ஒரு கீற்று. அதிலிருந்து கடல் முழுவதையும் கடந்து ஒரு பாதை, நேராக இந்த வீட்டு வாசலுக்கு. எய்லிஃப் தொப்பியைக் கழற்றினான். அவன் நரைத்த தலை ஒளிர்ந்தது. அசையாமல் நின்றான்.

கீற்று நூலானது. நூல் பொறியானது. கடல் மேலிருந்த பாதை ஒரு முனையிலிருந்து மெல்லச் சுருண்டது.

உட்கார் என்று யோர்டிஸின் கால் கெஞ்சியது. கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, அந்தக் கடைசிப் பொறியும் மலைக்குள் போகும்வரை, அவள் உட்காரவில்லை.