தண்ணீர் உறைந்த பொங்கல்

பைப் வெடித்திருக்கக் கூடாது. உறைந்திருந்தால் பரவாயில்லை, உருக்கிவிடலாம். வெடித்திருந்தால் அண்ணை சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். பிறகு எதைச் சொல்லி இங்கே இருப்பது?

நிரோஜா சிங்க்குக்கு முன்னால் நின்றபடி குழாயை மூடி மறுபடி திறந்தாள். கட்டிலுக்கு அடியில் பம்ப் உறுமியது. ஒரு சொட்டும் வரவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்தாள். அதில் வந்தது. அப்படியென்றால் தாங்கியில் இருக்கும் தண்ணீர் உறையவில்லை, பம்ப்பிலும் பிழையில்லை. வெளிச்சுவரை ஒட்டிச் சமையல் பக்கம் வருகிற பைப்தான் எங்கேயோ அடைத்துக்கொண்டிருக்கிறது.

அன்று தைப்பொங்கல். வெளியே மைனஸ் இருபத்தெட்டு. மதியம் அண்ணையும் அண்ணியும் வருகிறார்கள். அவள் இந்த மோட்டர்ஹோமில் குடியிருக்க வந்த பிறகு அண்ணை வருவது இதுவே முதல்தடவை.

ஞானேந்திரன் அண்ணைதான் அவளை ஸ்பொன்சர் செய்து மொன்றியலுக்கு எடுத்தவர். வந்த நாள் முதல் அவருடைய வீட்டின் கீழ்த்தளத்தில், ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் அவளுடைய கட்டில் இருந்தது. அந்த வீட்டில் யாரும் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அதுதான் கஷ்டம். குறை ஏதும் இருந்திருந்தால் அதைச் சொல்லிவிட்டு எப்போதோ வெளிக்கிட்டிருக்கலாம். பிள்ளைகள் "மாமி" என்று கத்திக்கொண்டு திரையை விலக்கி உள்ளே வருவார்கள். அண்ணி மடிக்க வேண்டிய உடுப்புகளைக் கட்டிலில் கொட்டிவிட்டு அங்கேயே இருந்து கதைப்பார். அன்பில்லாமல் யாரும் அந்தத் திரையைத் தொட்டதில்லை. ஆனால் முப்பத்தெட்டு வயதில், யாரும் பார்க்காதபோது தன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாமல் இருந்தது.

விமானங்களைத் துப்புரவு செய்யும் வேலை அவளுக்கு. விமான நிலையத்தின் பெயர் மாறிவிட்டது, ஆனாலும் அங்கே வேலைக்குப் போகிற தமிழர்களுக்கு அது டோர்வல்தான். அங்கிருந்து ஓய்வு பெற்ற ஒரு கியூபெக்காரர் தன் பழைய மோட்டர்ஹோமை விற்கப் போவதாகச் சொன்னபோது, யாரிடமும் கேட்காமல் அவள் வாங்கினாள். கூட வேலை செய்யும் றோசலின் அக்கா கார்ட்டியர்வில்லில் இருந்த தன் வீட்டின் பின்வளவில் அதை நிறுத்தவும், வீட்டிலிருந்து கரண்ட் இழுக்கவும் இடம் கொடுத்தார்.

அண்ணை சத்தம் போடவில்லை. "குளிர் வரட்டும், அப்ப தெரியும்," என்றார். "தண்ணி உறைஞ்சால் அண்டைக்கே வீட்டை வந்திட வேணும். சரியோ?"

"ஓம்" என்றாள். அந்த நேரம் வாசலைத் தாண்டினால் போதும் என்றிருந்தது.

உறையாமல் பார்த்துக்கொள்வது பெரிய வித்தையில்லை. விற்றவர் இரண்டு விஷயம் காட்டித் தந்திருந்தார். சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவுகள் இரவில் திறந்தே இருக்க வேண்டும், அப்போதுதான் ஹீட்டரின் சூடு பைப்புக்குப் போகும். குழாய் மெல்லச் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஓடுகிற தண்ணீர் லேசில் உறையாது. மார்கழி முழுவதும் அவள் உடுப்புக் கிளிப் ஒன்றால் அலமாரிக் கதவைத் திறந்தபடி நிறுத்தி, சொட்டுச் சத்தத்தைக் கேட்டபடி தூங்கினாள்.

இப்போது குனிந்து பார்த்தாள். அலமாரி பூட்டியிருந்தது. கிளிப் மேலே, புதிதாகக் குங்குமம் வைத்த லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. சற்றுமுன் இறுகியிருந்த குழாயைத் திறக்கக் கை வலித்ததும் நினைவுக்கு வந்தது.

அண்ணி.

நேற்று அவள் வேலையில் இருந்தபோது, பொங்கல் பானையும் சாமிப் படங்களும் கொண்டு அண்ணி வந்திருந்தார். றோசலின் அக்காதான் கதவு திறந்துவிட்டவர். லட்சுமிக்கு நேரே குப்பைவாளி தெரிகிற அலமாரி. வீட்டுக்குள் சொட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர். தண்ணீர் ஒழுகுகிற வீட்டில் செல்வம் தங்காது என்று வளர்ந்தவர் அண்ணி. இரண்டையும் அவர் எப்படிப் பார்த்துக்கொண்டு போவார்? இறுக்கிப் பூட்டியிருப்பார். தன் வீட்டில் செய்வதுபோல, ஒரு நிமிடமும் யோசிக்காமல்.

நேற்றிரவு நிரோஜா களைத்து வந்து லைட்டும் போடாமல் படுத்தவள். இன்றைக்கு என்ன இவ்வளவு அமைதி என்று நினைத்ததும், அந்த அமைதி பிடித்திருந்ததும்தான் மிச்சம்.

கதவில் தட்டும் சத்தம். ஆவி பறக்கிற கேத்திலோடு றோசலின் அக்கா ஏறி வந்தார்.

"உன்ரை பம்ப் கத்துறது அங்கை வரைக்கும் கேக்குது. உறைஞ்சிட்டுதோ? எங்கையெண்டு காட்டு, சுடுதண்ணியை ஊத்தி விடுறன்."

"ஐயோ அக்கா, அதைக் கீழை வையுங்கோ! திடீரெண்டு சூடு பட்டால் பைப் வெடிச்சிடும்."

"அப்ப என்ன செய்யிறது? பாத்துக்கொண்டிருக்கிறதோ?"

"உங்கடை ஹெயார் டிரையரைத் தாங்கோ."

"தலை வாரப் போறியோ இப்ப?" என்று கேட்டுக்கொண்டே இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது டிரையரோடு ஒரு புனிதரின் சிறு சுரூபமும் கையில் இருந்தது. "அந்தோனியாரையும் கொண்டு வந்தனான்."

"அவர் தொலைஞ்ச சாமானுக்கெல்லோ?"

"தண்ணி தொலைஞ்சுதானே போச்சு? தேடட்டும்."

நிரோஜா சிரித்துவிட்டாள். அந்தோனியார் லட்சுமிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார்.

முதலில் பம்ப்பை நிறுத்தினாள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள், உருகுகிற தண்ணீரும் காற்றும் வெளியே போக வழி வேண்டும். பிறகு அலமாரிக்குள் தலையை நுழைத்து, குழாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கி, பைப்பின் நீளத்துக்கு டிரையரை மெல்ல நகர்த்தினாள். ஒரே இடத்தில் பிடிக்கக் கூடாது. "டூஸ்மான், டூஸ்மான்," என்று விற்றவர் சொல்லிக் காட்டியது காதில் கேட்டது. மெதுவாக, மெதுவாக.

சுவரோரம் பைப் வளைகிற இடத்தைத் தொட்டபோது விரல் சுட்டதுபோல் இழுத்துக்கொண்டாள். அவ்வளவு குளிர். இங்கேதான்.

வெடித்திருக்கிறதா இல்லையா என்பது இப்போது தெரியாது. பனிக்கட்டி உள்ளே இருக்கும்வரை வெடிப்பையும் அதுவே அடைத்துக்கொண்டிருக்கும். உருகிய பிறகுதான் ஒழுகும். அண்ணையின் வீட்டில் தானும் அப்படித்தான் இருந்தாளோ என்று ஒரு நினைப்பு வந்தது. அதைத் தொடரவிடாமல் டிரையரை மறுகைக்கு மாற்றினாள். இது நினைக்கிற நேரமில்லை.

"வருதோ?" என்றார் அக்கா.

"இல்லை."

"இப்ப?"

"அக்கா!"

"சரி சரி, நான் வாயை மூடுறன்." அவர் மூடவில்லை. அந்தோனியாரோடு கதைக்கத் தொடங்கினார்.

கையில் உணர்வு போய்க்கொண்டிருந்தபோது மேலே குழாய் இருமியது. ஒரு சின்ன வெள்ளைத் துண்டு சிங்க்கில் விழுந்து உருண்டது. பிறகு காற்று, பிறகு நூலாகத் தண்ணீர்.

"வந்திட்டுது! அடியே, வந்திட்டுது!"

"பொறுங்கோ அக்கா. இனித்தான் இருக்கு."

உலர்ந்த கடதாசித் துவாய்களைப் பைப்புக்குக் கீழே வரிசையாக விரித்தாள். குழாயை மூடிவிட்டுப் பம்ப்பைப் போட்டாள். அது கொஞ்ச நேரம் உறுமி, தானாக நின்றது. எங்கேயாவது ஒழுகினால் நிற்காமல் ஓடும் என்று அவளுக்குத் தெரியும், இருந்தும் நம்பவில்லை. டோர்ச்சை அடித்துக்கொண்டு தரையில் படுத்துப் பார்த்தாள். கடதாசியைத் தடவினாள். காய்ந்திருந்தது. வளைவுக்குக் கீழே இருந்ததை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். காய்ந்தே இருந்தது.

அப்படியே தரையில் கிடந்தாள். உடம்பில் எங்கெங்கோ இறுகியிருந்தவை ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. முதுகு, தாடை, கால் விரல்கள். கண்ணீர் காதுக்குள் இறங்கியது, துடைக்கத் தோன்றவில்லை.

"உறைஞ்ச கதையை அண்ணைக்குச் சொல்லிப்போடாதை," என்றார் அக்கா. "தண்ணி வருது. அவ்வளவுதான். விளங்கிச்சோ?"

மதியம் பால் பொங்கி வழிந்தபோது அந்தச் சின்ன இடத்தில் நான்கு பேரும் முழங்கை முட்ட நின்றார்கள். தேவாலயத்துப் பூசையில் மட்டும் தட்டுகிற கையைத் தட்டி, "பொங்கலோ பொங்கல்" என்று முதலில் கத்தியவர் றோசலின் அக்காதான். அண்ணை தலை இடிக்காமலிருக்கக் குனிந்தபடி எல்லாவற்றையும் பார்த்தார். கட்டில், ஜன்னல், ஹீட்டர்.

"சூடாத்தான் கிடக்கு," என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

அண்ணியின் கை பழக்கத்தில் குழாய்க்குப் போனது. "இது இன்னும் ஒழுகுது. நேற்றும் இறுக்கிப் பூட்டிப்போட்டுப் போனனான்."

நிரோஜா அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தாள். "விடுங்கோ அண்ணி. சொட்டட்டும். அது வேணுமெண்டு விட்டது. ஓடாட்டில் உறைஞ்சிடும்."

அண்ணி அவளைப் பார்த்தார். சொட்டுகிற தண்ணீரையும், திறந்திருந்த அலமாரியையும் பார்த்தார். முகம் மாறியது. "அப்ப நேற்று நான் பூட்டினது..."

"ஒண்டும் உடையேல்லை அண்ணி."

"உறைஞ்சதோ?" என்றார் அண்ணை.

றோசலின் அக்கா அவசரமாகப் பானையைக் கிண்டினார்.

"ஓம் அண்ணை. காலமை உறைஞ்சு கிடந்தது. நான் உருக்கிப்போட்டன்."

"என்ன சொன்னனீ எனக்கு?"

"உறைஞ்சால் வாறன் எண்டு சொன்னனான்."

வென்றவரின் முகம் அவரிடம் இருக்கும் என்று எதிர்பார்த்தாள். அது இல்லை. அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தொப்பியைக் கையில் சுழற்றினார்.

"நான் உன்னோடை வழக்குப் பேசேல்லை. பிள்ளையள் ஸ்கூலாலை வந்து முதல் கீழை போய்ப் பாத்திட்டுத்தான் மேலை வருகினம். எனக்கும் ஒரு மாதிரித்தான் கிடக்கு. மாசி முடியுமட்டும் வா, நிரோ. பேந்து உன்ரை விருப்பம்."

இப்படிக் கேட்பார் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அதட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும். காலையில் குழாயின் முன் நின்றபோது இருந்த பயத்தைத் தனக்குள் தேடிப் பார்த்தாள். பைப் உறைந்ததும் உண்மை, அவள் சொன்ன வார்த்தையும் உண்மை. இருந்தும் பயம் அங்கே இல்லை. அண்ணைமேல் இருந்த பாசம் மட்டும் முன்பு இருந்தபடியே இருந்தது, அதை வைத்துக்கொள்ள அவர் வீட்டில் படுக்க வேண்டும் என்றில்லை.

ஒரு கோப்பையை எடுத்து, பொங்கலை வைத்து, அவருக்குப் பிடித்த கஜுப் பருப்பைத் தேடி மேலே போட்டு, அவர் கையில் கொடுத்தாள்.

"நான் வரேல்லை அண்ணை," என்றாள். "ஆறுறதுக்கு முதல் சாப்பிடுங்கோ."