ரோசாலியா வேலி தாண்டியது

1

இந்தக் கதையை எனக்குத் தந்தது ஒரு செவிலி. ஸ்லோவேனியாவில் நான் வாழும் ஊரில், உள்ளங்காலில் ஒன்பது தையல் போட்டுக்கொண்ட ரோசாலியா என்ற பெண்மணியைப் பற்றிச் சொன்னாள்: “எப்போ வெட்டுச்சுன்னே தெரியலைங்கிறா.”

எழுத உட்கார்ந்தேன். “சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பிபோல இரண்டு சுரப்பிகள்...” பாடப்புத்தக வாசனை. அடித்துவிட்டேன். “ரோசாலியா துணிச்சல்காரி.” இது பொய். கோழி அறுத்தாலே மயங்கி விழுகிறவள் அவள்.

2

ரோசாலியாவுக்கு அறுபத்து மூன்று வயது, ஒரு முழங்கால் சரியில்லை. அடுத்த வீட்டு சோஃப்கா தேனீ வளர்க்கிறாள். ரோசாலியா காயப்போடும் விரிப்புகளில் அந்தத் தேனீக்கள் மஞ்சள் புள்ளி வைத்துவிட்டுப் போகும். ஏழு வருடச் சண்டை.

“உன் தேனீங்களுக்குக் கக்கூஸ் கட்டிக் குடுடி!”

“உன் துணிக்கு அதுவே அழகு, போ!”

போன கோடையில் ஒரே ஒரு தேனீ கொட்டியதில் சோஃப்காவுக்கு மூச்சு அடைத்தது. மருத்துவர், மறுபடி கொட்டினால் உடனே போட்டுக்கொள்ள அட்ரினலின் ஊசி ஒன்றைக் கொடுத்து, தேனீக்களை விட்டுவிடச் சொன்னார். ஊசியை வாங்கிக்கொண்டாள். தேனீக்களை விடவில்லை.

3

ஜூன் மாத முற்பகல். விரிப்பு உலர்த்திக்கொண்டிருந்த ரோசாலியா, சோஃப்கா கழுத்தைப் பிடித்தபடி புல்லில் சரிவதைக் கண்டாள்.

“ரோசா... ஜன்னல்ல... ஊசி...”

மார்பளவு வேலி. அவள் அதை எப்படித் தாண்டினாள் என்றால்

(இந்த வாக்கியம் முடியவில்லை. அவளுக்கே தெரியாதாம்.)

ஜன்னல் திட்டில் கைவிட்டபோது ஒரு கண்ணாடிக் குடுவை விழுந்து நொறுங்கியது. வெறுங்காலால் அதன்மேல் மிதித்து ஓடினாள்.

“எனக்கு ஊசின்னாலே ஆகாதுடி!”

“மூடியப் பிடுங்கு... தொடையில... அழுத்து...”

“பாவாடை மேலயேவா?”

“மேலயேதான்... சனியனே!”

அழுத்தினாள். பத்து எண்ணினாள். பிறகு ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினாள்.

[இங்கே நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் புல்வெளியில் ஒரே பொருள், அட்ரினலின், இரண்டு உடல்களில் ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தியிடம் ஊசி வழியே போய், தளர்ந்த இரத்தக் குழாய்களை இறுக்கி, அடைத்த மூச்சுப்பாதையைத் திறந்தது. மற்றவளிடம் யாரும் ஏற்றாமலே, கேட்காமலே, சிறுநீரகத்தின் மேலிருக்கும் அந்தத் தொப்பிச் சுரப்பிகளில் சுரந்து, முழங்காலையும் கண்ணாடியையும் பயத்தையும் மறக்கடித்தது. இரண்டையும் சேர்த்தாலும் ஓர் அவரைவிதை எடைகூட இருக்காது. இதன் முன்னால் எந்த உவமையும் எனக்கு நிற்கவில்லை.]

4

சோஃப்கா பிழைத்தாள். அதில் மாற்று முடிவு கிடையாது.

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று எழுதிப் பார்த்தேன். செவிலி சிரித்துவிட்டாள். “ஆம்புலன்ஸ் வந்தப்போ, ‘என் செர்ரி ஊறுகாய உடைச்சிட்டா பாரு’ன்னு முனகினாளாம் சோஃப்கா. ‘உசுரு வந்துடுச்சு’ன்னு சொல்லி ரோசாலியா தரையில உக்காந்துட்டாளாம். அப்புறம்தான் கால் வலிச்சது.”

இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றினார்கள். ஒருத்தி படுத்தபடி, ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்தபடி. இரண்டு இதயங்களும் இன்னும் தடதடத்துக்கொண்டிருந்தன. மருத்துவமனைக்கு இருபது நிமிடம். உள்ளே என்ன பேசினார்கள்? மூன்று விதமாக எழுதினேன். மூன்றிலும் என் குரல்தான் கேட்டது.

வண்டியின் கதவை இன்னும் சாத்தவில்லை. நீங்களே ஏறிக் கேட்டுக்கொள்ளுங்கள்.