மேல்பூச்சு அடிக்காத எஞ்சின்

பழைய டூத் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்து எஞ்சினின் கூரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் தங்கை. ஒரு சாண் நீளமே இருக்கும் மாதிரி டீசல் ரயில் எஞ்சின். நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு என்று அண்ணன் சொல்லக் கேட்டிருக்கிறாள். தேய்க்கத் தேய்க்கக் கரியும் துரு நிறமும் கலந்து தொட்டியில் வழிந்தன.

"அடேங்கப்பா, எவ்ளோ அழுக்கு!" என்று வாய்விட்டே சொன்னாள்.

அண்ணன் முன்னறைக் கட்டிலில் கிடந்தார். ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து மூன்று நாள். நேற்று முழுக்க அவர் பேசியது ஒரே வாக்கியம். "எஞ்சினைக் கொண்டு வா, பாக்கணும்." இன்று காலை கண் விழித்ததும் அதையே மறுபடி சொன்னார்.

இருபத்திரண்டு வருடமாக இருவருக்கும் ஒரே வீடு. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவள் செய்துகொண்டு திரும்பி வந்தவள். வீடெங்கும் அவளுடைய துடைப்பத்தின் ஆட்சி. அவர் வேலை செய்யும் அறை மட்டும் விலக்கு. வாசற்படியில் அவள் நிழல் விழுந்தாலே, "இன்ஸ்பெக்டரம்மா, அங்கயே நில்லுங்க" என்பார். "உள்ள எலி குடும்பம் நடத்துது, நீங்களும் சேர்ந்து நடத்துங்க" என்று அவள் படியில் நின்றே பதில் கொடுப்பாள். இன்றுதான் முதல் முறையாக உள்ளே போனாள். மேசைமேல் இருந்த வண்டியைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. அந்த அறைப் புழுதியில் கிடந்து இப்படித் துருவேறிவிட்டதே, சாகக் கிடக்கிறவர் கையில் இதையா கொடுப்பது?

அழைப்புமணி அடித்தது. கடிகாரம் பழுது பார்ப்பவர். அண்ணனுக்கு இருந்த ஒரே கூட்டாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் அந்த அறைக்குள் போனால் பேச்சுச் சத்தமே கேட்காது. மூன்று மணி நேரம் கழித்து, "சரி, வரேன்" என்று ஒரு குரல் மட்டும் வெளியே வரும்.

"எப்படி இருக்கார்க்கா?"

"கண்ணை மூடிக்கிட்டிருக்கார். இங்க வாங்களேன், இதப் பாருங்க. கடையிலேர்ந்து இப்பதான் பிரிச்ச மாதிரி ஆயிடுச்சு."

துண்டின்மேல் எஞ்சின் மஞ்சளும் நீலமுமாகப் பளபளத்தது. செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றுவிட்டார்.

"கழுவிட்டீங்களா?"

"பின்ன? அந்தக் கோலத்துலயா கொடுக்கிறது?"

அவர் மெல்ல வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எஞ்சினைத் தொடவில்லை.

"அக்கா, அது படிஞ்ச அழுக்கு இல்ல. அவர் போட்டது."

"போட்டதுன்னா?"

"எஞ்சினைக் கட்டறதுக்கு மூணு மாசம்தான் ஆச்சு. அழுக்குக்குப் பத்து மாசம். ரயில்வே யார்டுல போய் நின்னு போட்டோ எடுத்துட்டு வருவார். புகை எங்க படியுது, டாங்க் வாயில டீசல் எப்படி வழியுது, படிக்கட்டுல டிரைவர் கால் பட்டு எங்க பெயின்ட் தேஞ்சிருக்குன்னு பாத்துப் பாத்து, துருவைப் பொடி பண்ணி வெச்சது."

குழாயை அவள் சரியாக மூடவில்லை. சொட்டிக்கொண்டிருந்தது.

"சோப்புக்குப் போற மாதிரியா ஒருத்தர் வேலை செய்வார்?" சண்டைக்கு நிற்பதுபோல் கேட்டாள்.

"மேலே ஒரு பூச்சு அடிக்கணும். அதை அடிச்சிட்டா எதுக்கும் போகாது. 'இன்னும் ஒரு கறை பாக்கி, இன்னும் ஒரு கறை பாக்கி'ன்னு அடிக்காமலே வெச்சிருந்தார்."

"நீங்க கொஞ்சம் அழுக்கு பூசிக் கொடுங்களேன். இப்ப அவருக்குக் கண்ணு எங்க தெரியுது?"

"எனக்கு மோட்டார் வேலைதான் தெரியும். அழுக்கு முழுக்க அவரோடது."

முன்னறையிலிருந்து குரல் வந்தது. "கொண்டு வந்தியா?"

வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் நர்ஸ் பெண் அவர் தலையணையை உயர்த்தினாள். தங்கை எஞ்சினை அவர் கைகளில் வைத்தாள். அவர் அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"சோப்பு வாசனை."

"கழுவிட்டேண்ணா. எனக்குத் தெரியாது…"

கட்டைவிரல் கூரையிலிருந்து பக்கவாட்டில் இறங்கியது. டாங்க் வாய்க்கு வந்ததும் நின்று, அங்கேயே முன்னும் பின்னும் தடவியது.

"எவ்வளவு போச்சு?"

"எல்லாம்."

கதவோரம் வந்து நின்ற கடிகாரக்காரர் தரையைப் பார்த்தார். அவள் காத்திருந்தாள். ஒரு டம்ளர் உடைந்தால்கூட அரை நாள் கேலி பேசுகிற மனிதர். திட்டட்டும். கத்தட்டும். இன்ஸ்பெக்டரம்மா என்று ஒரு தடவை வாயைத் திறந்தால்கூடப் போதும்.

"உள்ள தண்ணி போயிருக்கும்," என்றார் அண்ணன். "மோட்டாரைப் பிரிச்சுக் காய வைக்கச் சொல்லு."

எஞ்சினைத் திருப்பி நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கடிகாரக்காரர் சமையலறையில் உட்கார்ந்து மோட்டாரைப் பிரித்தார். அவள் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சாப்பிட எழுந்திருக்கவில்லை. இரண்டு முறை, "அண்ணா" என்றாள். மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. மதியத்துக்குமேல் அதுவும் விட்டு விட்டு வந்தது. மூன்றரை மணிக்கு, அடுத்த மூச்சுக்காக மூன்று பேரும் காத்துக்கொண்டு நின்றார்கள். நர்ஸ்தான் முதலில் கடிகாரத்தைப் பார்த்தாள்.

கடிகாரக்காரர் போன் செய்வதற்காக வெளியே போனார். நர்ஸ் ஒரு பேசினில் வெந்நீரும் துணியும் கொண்டுவந்தாள்.

"நான் துடைக்கிறேன்," என்று தங்கை துணியை வாங்கினாள்.

நெற்றி, காது மடலின் பின்புறம், கழுத்து மடிப்பு. ஒன்றும் விட்டுப்போகாமல் துடைத்தாள். நர்ஸ் அவருடைய வலது கையைத் தூக்கிப் பிடித்தாள். நகக்கண்களிலும் கட்டைவிரலின் வெடிப்புகளிலும் பழுப்பும் கறுப்பும் ஏறியிருந்தன.

"இதுதாம்மா போகவே மாட்டேங்குது. நானும் மூணு நாளா தேச்சுப் பாக்கிறேன். சோப்புத் தண்ணியில கொஞ்சம் ஊற வெச்சா வந்துடும்," என்று நர்ஸ் பேசினைப் பக்கத்தில் இழுத்தாள்.

தங்கை அந்தக் கையைத் தன் கைக்கு வாங்கினாள். தேய்க்காமல், காய்ந்த துண்டால் விரல் விரலாக ஒற்றி, மார்பின்மேல் வைத்தாள். நர்ஸ் அவருடைய இடது கையை எடுத்து அதன்மேல் வைத்து மூடினாள்.

தங்கை வலது கையை உருவி, விரல்கள் தெரிய மேலே வைத்தாள்.